பின்னால் போகும் வழி

ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போக வைப்பது, செயலி எழுதப் புதிதாகப் பழகுபவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலை. பட்டனைத் தொட்டால் இந்தத் திரையைத் திற என்று நிரலில் சொன்னால் போதும். சிரமமெல்லாம் திரும்பி வருவதில்தான்.

திறக்கிற ஒவ்வொரு திரையையும் போன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. கல்யாண மண்டபத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போல, கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். நிரலாளர்கள் இதை ஸ்டாக் என்பார்கள். வைப்பது புஷ், எடுப்பது பாப். செல்போனைவிட மிக மூத்த யோசனை இது. துணை நிரல் ஒன்று வேலையை முடித்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கணினி மறக்காமலிருக்க, ஆலன் டூரிங் 1940-களிலேயே ஏஸ் கணினிக்கான அறிக்கையில் இதை முன்வைத்தார். ஜெர்மனியில் பவுவரும் சாமெல்சனும் 1957-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள்.

இன்றைய செயலியிலும் கேள்வி அதேதான். ரயில் டிக்கெட் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு, ரயில் பட்டியல், பயணிகள் விவரம், பணம் செலுத்தும் திரை, கடைசியில் டிக்கெட். டிக்கெட் வந்த பிறகு பயணி பேக் பட்டனைத் தொடுகிறார். அடுக்கு வைத்தபடியே இருந்தால் பணம் செலுத்தும் திரை மறுபடி வந்து நிற்கும். கட்டிய பணம் என்னவாயிற்று, இன்னொரு முறை கட்ட வேண்டுமா என்று அவர் பதறிப்போவார். டிக்கெட் திரையைத் திறக்கும்போதே, முகப்புக்கு மேலே இருக்கும் அத்தனையையும் அடுக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். 2018-ல் கூகுள் அறிமுகப்படுத்திய நேவிகேஷன் நூலகத்தில் ‘பாப்-அப்-டூ’ என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. லாகின் திரைக்கும் இதே விதிதான்: உள்ளே வந்தவரை பேக் பட்டன் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு நேராக உள்திரைக்கு வருபவர் விஷயம் வேறு. அவருக்குப் பின்னால் அடுக்கே இல்லை. பேக் தொட்டால் செயலியைவிட்டே வெளியேறிவிடுவார். அவர் கடந்து வராத முகப்பையும் பட்டியலையும் நிரலாளர்தான் அடியில் வைத்துத் தர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. படிவத்தைப் பாதி நிரப்பியவர் ஓடிபி பார்க்க எஸ்எம்எஸ் பக்கம் போகிறார். நினைவகம் குறைந்த போன் என்றால், ஆண்ட்ராய்டு அந்த நேரத்தில் பின்னணியிலுள்ள செயலியை மூடிவிடக்கூடும். எந்தெந்தத் திரைகள் அடுக்கில் இருந்தன என்பதை ஆண்ட்ராய்டு நினைவில் வைத்திருக்கும். ஆனால் நிரப்பிய விவரங்களைச் சேமித்து வைப்பது பெரும்பாலும் நிரலாளர் கையில். அவர் விட்டுவிட்டால், திரும்பி வருபவரை வெற்றுப் படிவம் வரவேற்கலாம். விலையுயர்ந்த போனில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படுவதே இல்லை. அடிபடுவது குறைந்த விலை போன் வைத்திருப்பவர்தான்.

ஐபோனில் பின்னே போகும் பட்டன் திரையின் இடது மேல்மூலையில். 2013 முதல் இடது விளிம்பிலிருந்து விரலை இழுத்தாலும் போதும். ஆண்ட்ராய்டு 10-லிருந்து இரு விளிம்புகளிலும் அந்த வசதி உண்டு. சைகை மாறினாலும் அடியிலுள்ள அடுக்கு மாறவில்லை.

செயலி எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் அமைப்புகளில், வெளியே போனதுமே திரையை மூடிவிடச் செய்யும் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்றொரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, உங்கள் செயலியின் ஒவ்வொரு திரையிலிருந்தும் ஒரு தடவை வெளியே போய்த் திரும்பி வாருங்கள். ஒவ்வொன்றிலும் பேக் தொட்டுப் பாருங்கள். அதன்பின் வெளியிடுங்கள்.