விடுபட்ட தேர்வும் விட்டுப்போன பிள்ளையும்

 

வைகைக் கரையில் அமைந்துள்ள சோழவந்தானுக்கு வெற்றிலையால் ஒரு தனிப் பெயர் உண்டு. 2023ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால், விடியுமுன் கொடிக்காலுக்குள் நுழையும் எத்தனையோ கைகளின் உழைப்பு இருக்கிறது. அவற்றுள் சில, எழுதுகோல் பிடிக்க வேண்டிய சிறு கைகள் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன்.

எங்கள் மக்தபிற்கு ஒரு மாணவன் நாள்தோறும் தாமதமாக வருவான். பலமுறை கண்டித்தேன். மாதத் தேர்வன்று அவன் வரவே இல்லை. மதிப்பெண் ஏட்டில் அவன் பெயருக்கு நேராகச் சுழியத்தை எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வருவதையே நிறுத்திவிட்டான். வீடு தேடிச் சென்றபோது வாசலில் நின்று தலை குனிந்தவாறே சொன்னான்: "அத்தாவுக்கு உடம்பு முடியல ஹஜ்ரத். வெத்தலை கிள்ளப் போறேன்." பள்ளிக்கூடத்திலும் ஒப்படைவு நோட்டை நாள் கடந்து கொடுத்ததால் வாங்கிக்கொள்ளவில்லையாம். "இனி எதற்குப் போக வேண்டும்?" என்பதே அவன் கேள்வி.

அந்தச் சுழியத்தை எழுதிய கை என்னுடையது. அவனுக்குப் பாடம் தெரியாது என்பதற்காக நான் அதை எழுதவில்லை. அவன் வரவில்லை என்பதற்காகவே எழுதினேன். இரண்டும் ஒன்றுதானா? இதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மார்க்கம் கற்றுத் தரும் நெறி

இக்கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ரமளான் மாதத்தில் நோயுற்றிருப்பவருக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் அல்லாஹ் என்ன சலுகை அளித்திருக்கின்றான்? விடுபட்ட நோன்புகளை வேறு நாட்களில் எண்ணி நோற்கும்படி அல்பகரா அத்தியாயத்தில் வழிகாட்டுகின்றான். இதில் ஓர் அரிய நுட்பம் இருக்கிறது. நாள்தான் மாறுகிறது, எண்ணிக்கை குறைவதில்லை. உறக்கத்தாலோ மறதியாலோ தொழுகையைத் தவறவிட்டவர் நினைவு வந்ததும் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதே அத்தியாயத்தில், நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும் கூறப்பட்டுள்ளது. தவணைதான் முதல் கட்டளை. கடனைத் தர்மமாக விட்டுவிடுவது அதனினும் மேலான நன்மை. ஆனால், வசதி இருந்தும் இழுத்தடிப்பவனுடைய செயலை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றார்கள்.

ஆக, இயலாதவனையும் இயன்றும் செய்யாதவனையும் மார்க்கம் பிரித்துப் பார்க்கிறது. இயலாதவனுக்குக் காலத்தைத் தருகிறது, கடமையை நீக்கிவிடுவதில்லை. பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் கைக்கொள்ள வேண்டிய நெறியும் இதுவே.

அனுபவம் சொல்லும் பாடம்

அண்மைக் காலத்தில் நம் மாநிலம் கண்ட சில நிகழ்வுகளை எண்ணிப் பாருங்கள். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பிளஸ் டூ மாணவர்களின் கடைசித் தேர்வு. அச்சத்தாலும் பயண இடர்ப்பாட்டாலும் பல்லாயிரம் மாணவர்கள் அன்று தேர்வெழுத இயலவில்லை. அவர்களுக்காக ஜூலை 27ஆம் நாள் மறுதேர்வு நடத்தப்பட்டது. நாள் மாறியது, தேர்வு மாறவில்லை. அரசே இந்நெறியை ஏற்றுச் செயற்பட்டதற்கு இது சான்று.

அதே ஆண்டு ஜூன் 9ஆம் நாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இரத்து செய்யப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். "அரையாண்டுத் தேர்வுதானே!" என்று பிள்ளையைத் திருமணத்திற்கும் விருந்திற்கும் அழைத்துச் சென்ற பெற்றோர்கள் அன்று எவ்வளவு வருந்தியிருப்பார்கள்!

2023ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் நடந்த பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. அவர்களுள் பலர் நெடுநாட்களாகவே பள்ளிக்கு வராமல், பெயரளவில் பதிவேட்டில் இருந்தவர்கள். பின்னர், பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே பெற்றோரைச் சந்தித்துத் துணைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் முயற்சியில் கல்வித்துறை இறங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு பிள்ளை தேர்வறைக்கு வராமற்போவது ஒரே நாளில் நிகழ்வதன்று. கொடுக்காத ஒரு நோட்டு, எழுதாத ஒரு மாதத் தேர்வு, வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு காலைப்பொழுது என்று சிறுகச் சிறுகத்தான் அந்த விலகல் தொடங்குகிறது.

ஆசிரியர்களுக்கு

தாமதமாக வந்தவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதால் என்ன பயன்? ஏற்கெனவே இழந்த பாடத்தோடு இன்னொரு பாடத்தையும் இழக்கிறான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. மதிப்பெண் என்பது பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதற்கான அளவுகோல். ஒழுங்கீனத்திற்குத் தனியே கண்டிப்பு இருக்கட்டும். அளவுகோலையே பிரம்பாக்க வேண்டாம்.

"அப்படியானால் உரிய நாளில் கொடுத்த மாணவனுக்கு அநீதியாகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனால்தான் தவணைக்கும் எல்லை வேண்டும். காரணத்தைக் கேட்டறிந்து, குறித்த ஒரு நாளைக் கொடுத்து, அதே தரமுள்ள வினாத்தாளை எழுதச் செய்ய வேண்டும். எண்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பதை நான் அறிவேன். எனினும், ஒரு பிள்ளையை நிரந்தரமாக இழப்பதைவிட அது இலகுவானது.

பெற்றோர்களுக்கு

பிள்ளைக்கு நோய் என்றால் அன்றைய தினமே வகுப்பாசிரியருக்குக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். நிக்காஹ், கந்தூரி, ஊர்ப் பயணம் ஆகியவற்றைத் தேர்வு நாட்களில் வைக்காதீர்கள். 2025ஆம் ஆண்டில் பிளஸ் டூ தேர்வு முழுவதும் ரமளான் மாதத்திலேயே அமைந்தது. நோன்பாளிப் பிள்ளைகள் ஸஹர் முடித்துச் சுப்ஹுத் தொழுது படித்துவிட்டுத் தேர்வுக்குச் சென்றார்கள். தவறவிடுவதற்கு நோன்பும் காரணமாகாதபோது விருந்து எப்படிக் காரணமாகும்? பொதுத்தேர்வே தவறிப்போனாலும் மனம் தளர வேண்டாம். அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. "பெண் பிள்ளைக்கு இது போதும்" என்று அத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த மாணவனின் கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவனை அமர வைத்து, விடுபட்ட தேர்வை எழுதச் சொன்னேன். கேள்விகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. அவன் பெற்ற மதிப்பெண் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. ஏட்டில் நான் எழுதியிருந்த சுழியத்தை அவன் கண்ணெதிரிலேயே அடித்துத் திருத்தினேன். அவனுடைய அத்தாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் சென்றேன். காரணத்தைக் கேட்ட வகுப்பாசிரியர் நோட்டை வாங்கிக்கொண்டார். "முன்பே சொல்லியிருக்கலாமே!" என்றார் அவர். "முன்பே கேட்டிருக்கலாமே!" என்று என் மனம் என்னைத்தான் குத்தியது.

தவறவிட்டதை நிறைவேற்றும் வாய்ப்பை அடியார்களுக்கு அளித்த கருணையாளனாம் அல்லாஹ், அக்கருணையை நம் பிள்ளைகளிடம் காட்டவும், காலத்தின் அருமையை அவர்களுக்கு உணர்த்தவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.