உங்களுக்குத் தெரியுமா? படிப்புக் கடனின் முதல் தவணை எப்போது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீடுகளில் எழும் கேள்வி, “கம்பஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?” என்பதுதான். படிக்கக் கடன் எடுக்க நினைப்பவர்களுக்கும் பிணை நிற்கப் போகிறவர்களுக்கும் சில தகவல்கள்.

● வட்டி அரசின் பொறுப்பு. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் தொடங்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க வங்கி காசு கொடுக்கும். வட்டியை அரசு கட்டும். ஆரம்பத்தில் உச்சத் தொகை 8 இலட்சம் ரூபா. பின்னர் அது கூட்டப்பட்டது.

● ஒரு வருட அவகாசம். படிக்கும் காலத்தில் தவணை இல்லை. பாடநெறி முடிந்து மேலும் ஒரு வருடம் சலுகைக்காலம். 2026 ஒக்டோபரில் தொடங்கும் நாலு வருடப் படிப்பு 2030 ஒக்டோபரில் முடிந்தால், கட்டத் தொடங்குவது 2031இன் கடைசியில்.

● வேலை கிடைக்கும் வரை வங்கி காத்திராது. சலுகைக்காலம் எண்ணப்படுவது படிப்பு முடிந்ததிலிருந்து. முதல் சம்பளத்திலிருந்து அல்ல. அந்த ஒரு வருடம் வேலை தேடுவதற்கான காலம்.

● தவணைக் கணக்கு. வட்டியில்லாத 8 இலட்சத்தை 8 வருடத்தில் கட்டி முடிப்பதென்றால் மாதம் 8,333 ரூபா. கையெழுத்து வைக்கும் முன் உங்கள் கடனுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

● கிழமைக் கடன் வேறு. நுண்கடனில் காசு கைக்கு வந்த சில நாட்களிலேயே கிழமைத் தவணை தொடங்கிவிடும். வன்னித் தாய்மார் பட்ட பாடு ஊரறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பிள்ளையின் படிப்புக்கு அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

● லண்டன் கணக்கு இங்கே பொருந்தாது. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியவர்களுக்கு ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால்தான் அறவீடு. அதுவும் தாண்டிய தொகையில் 9 வீதம். “உழைத்தால் கட்டினால் போதும்” என்று அங்குள்ள சித்தப்பா சொல்வது அவர் நாட்டுக்குச் சரி. இந்தியாவில் பெரும்பாலான கல்விக் கடன்களுக்குப் படிப்புக் காலமும் ஒரு வருடமும் அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும்.

● பிணையாளியும் கடன்காரரே. தவணை தவறினால் வங்கி பிணை நின்றவரைத் தேடி வரும். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்தில், மக்கள் ‘கிறிப்’ என்கிறார்களே, அங்கே அந்தத் தவறுதல் பதிவாகிவிட்டால் பிறகு வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் எடுப்பது கடினம்.

● மகாபொல கடன் அல்ல. 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசிலைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது.

● பக்கத்திலேயே இலவசப் படிப்பு. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. அதே அறிவியல்நகரில் தொழிற்கல்விக்கு இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் உண்டு. தனியார் நிறுவனங்களைத் தேடி மாலபே, ஹோமாகம பக்கம் போனால் பாடநெறிக் கட்டணத்தோடு போடிங் காசும் சேரும். ஆகவே பக்கத்தில் உள்ளவற்றை முதலில் பாருங்கள்.

● வங்கியில் கேட்க வேண்டியவை நான்கு. முதல் தவணைத் திகதி எது? மாதத் தொகை எவ்வளவு? இடையில் படிப்பை நிறுத்தினால் எப்போது கட்ட வேண்டும்? படிப்பு முடியத் தாமதமானால் சலுகைக்காலம் தள்ளிப்போகுமா? பதில்கள் ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் தமிழில் விளக்கம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.