அலைக்கற்றை யார் கையில்? அரபு நாடுகளின் எண்ணிம ஏற்றத்தாழ்வு

'அரபுலகம்' என்று ஒரே சொல்லால் சுட்டும்போது நாம் மறைத்துவிடுவது மிகுதி. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் ஏறக்குறைய மக்கள் அனைவரும் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். அதே தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஏமனில் பெரும்பான்மை மக்கள் இன்றும் அதற்கு வெளியே நிற்கின்றனர். இத்தனைக்கும், ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் கடலடி வடங்கள் பல ஏமன் கரையை ஒட்டிய செங்கடல் வழியேதான் செல்கின்றன.

2003ஆம் ஆண்டின் அரபு மனித மேம்பாட்டு அறிக்கை, அவ்வட்டாரத்தில் ஆயிரம் பேருக்கு 18 கணினிகளே இருந்ததாகக் கூறியது. உலகச் சராசரி 78. பின்னர் கைப்பேசி வந்தது. இன்று ஏறத்தாழ பத்தில் எழுவர் இணையத்தில் இருக்கின்றனர். எஞ்சிய மூவர் யார் என்பதைச் சராசரி சொல்வதில்லை.

பணமின்மை ஒரு காரணம். அதைவிட அழுத்தமான காரணம் அதிகாரம் என்பதற்குப் பாலஸ்தீனமே சான்று. அங்கு நிறுவனங்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, வாடிக்கையாளர்களும் உண்டு. அலைக்கற்றை மட்டும் அவர்கள் கையில் இல்லை. அதை ஒதுக்கும் கட்டுப்பாடு, 1990களின் ஓஸ்லோ உடன்பாடுகளுக்குப் பிறகும் நடைமுறையில் இஸ்ரேலிடமே நீடித்தது. மேற்குக் கரையின் பாலஸ்தீன நிறுவனங்கள் 3ஜி சேவையைத் தொடங்க 2018 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அதே மண்ணின் குடியேற்றங்களில் வாழ்ந்த இஸ்ரேலியர் அதற்குள் 4ஜிக்குச் சென்றிருந்தனர். காஸாவுக்கு அந்த 3ஜியும் கிட்டவில்லை; அது 2ஜியிலேயே நிறுத்தப்பட்டது. 2023 அக்டோபர் 27 இரவு அங்கு தொலைத்தொடர்பு ஏறத்தாழ முற்றிலும் அறுந்தபோது, ஆம்புலன்சை அழைக்கக்கூட வழியற்றுப் போனது.

சொந்த அரசுகளும் இவ்வகையில் சளைத்தவை அல்ல. எகிப்து 2011 ஜனவரி இறுதியில், மக்கள் எழுச்சியை முடக்க நாட்டின் இணையத்தையே துண்டித்தது. ஈராக்கும் சிரியாவும் பொதுத்தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கவென்று நாடு முழுவதும் இணையத்தை மணிக்கணக்கில் நிறுத்தி வந்துள்ளன.

நம் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டியவர்கள் ஏமனின் முஹம்மஷீன் மக்கள். இச்சொல்லுக்கு 'விளிம்புக்குத் தள்ளப்பட்டோர்' என்று பொருள். பிறர் அவர்களை 'அக்தாம்', அதாவது ஏவலர், என இழிவாக அழைக்கின்றனர். கருநிறத்தவரான இம்மக்களுக்குப் பிறப்பின் பேரால் தெருக்கூட்டும் வேலையும் ஊருக்கு வெளியே குடிசையும் விதிக்கப்பட்டுள்ளன. (இதை விளக்க நமக்கு அகராதி தேவையில்லை.) தாயிஸ் பகுதியில் யுனிசெஃப் 2014இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஐந்தில் ஒருவருக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது, குழந்தைகளின் பிறப்பைப் பதிவு செய்திருந்த பெற்றோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. பிறப்புப் பதிவு இல்லையேல் அடையாள அட்டை பெறுவது அரிது. அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கும் பள்ளிச் சேர்க்கையும் எட்டாக்கனி. அவர்கள் குடிசைக்கு அருகே கோபுரம் எழுந்து அலை வீசினாலும், திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க முடியாத, தம் பெயரில் எதையும் பதிய இயலாத ஒருவருக்கு அந்த அலையால் கிட்டுவது என்ன? கோபுரங்களை எண்ணும் அறிக்கைகள் இவ்விடத்தில் பிழைபடுகின்றன என்பதே நம் கருத்து.

முழு இணைப்புப் பெற்றதாகப் போற்றப்படும் வளைகுடாவிலும் உள்ளே ஒரு பிளவு உண்டு. அங்குள்ள பெருங்கட்டடங்களை எழுப்பியவர்களில் தமிழகத் தொழிலாளரும் அடங்குவர். அவர்களிடம் திறன்பேசி இருக்கிறது, இணையமும் இருக்கிறது. ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியான குரல், காணொலி அழைப்புகள் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டுள்ளன. உரிமம் பெற்ற செயலிகளுக்குக் கட்டணம் செலுத்தி வீட்டாரின் முகம் காண வேண்டிய நிலை இருந்தது. மேலாளருக்கு அத்தொகை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தொழிலாளர் முகாமில் அறையைப் பகிர்ந்து தங்கியிருந்தவருக்கோ அது ஊருக்கு அனுப்பும் பணத்தில் குறைந்தது.