சொறி ஒன்றல்ல

முடி கொட்டித் தோல் தடித்த நாயைப் பார்த்தால் நாம் சொல்வது ஒரே பெயர்தான்: சொறி. அதற்குப் பல ஊர்களில் ஒரே வைத்தியம், ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய என்ஜின் ஆயில். நாய் அதை நக்கி விழுங்கும். வெடித்த தோலுக்கும் அது நஞ்சு. தயவுசெய்து யாரும் பூசாதீர்கள்.

எந்தச் சொறி என்று முதலில் தெரிய வேண்டும். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி மயிர்க்கால்களுக்குள் குடியிருப்பது. பால் குடிக்கும் பருவத்திலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால்தான் பெருகி முடியை உதிர்க்கும். ஆழத்தில் இருப்பதால், மருத்துவர் தோலை விரல்களால் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும் வரை பிளேடால் சுரண்டி எடுப்பார். நுண்ணோக்கியில் சுருட்டு போன்ற நீண்ட உடலும் குட்டைக் கால்களும் தெரியும்.

சார்கோப்டிஸ் வேறு ரகம். தோலின் மேலடுக்கில் வளை தோண்டும், நாயைத் தூங்கவிடாத அரிப்பு, வளர்ப்பவருக்கும் தொற்றலாம். ஆனால் ஐந்தாறு இடங்களில் சுரண்டினாலும் அகப்படாமல் போகும். அப்போது ஓர் எளிய சோதனை உதவும்: காது மடலின் ஓரத்தைத் தேய்த்தால், நாயின் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கும். இதுவே உறுதியான சான்று ஆகாது என்றாலும் சந்தேகம் வலுக்கும்.

பெயர் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், வீட்டில் நிம்மதி. உள்ளே டெமோடெக்ஸ் இருந்தால் அது இன்னும் பெருகும்.

பூனையிடம் சிக்கல் வேறு. அது மறைவில் போய் நக்கும். நமக்கோ முடி உதிர்வதாகத் தோன்றும். நான்கைந்து முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால் விடை கிடைக்கும். நுனி கூராக இருந்தால் முடி தானாக உதிர்கிறது. ஒடிந்திருந்தால் பூனை நக்கியே முறித்திருக்கிறது, அதாவது அரிப்போ வலியோ மன அழுத்தமோ இருக்கிறது.

படர்தாமரைக்கு வுட்ஸ் விளக்கு உண்டு. அதன் புற ஊதா ஒளியில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சை பிடித்த முடி ஆப்பிள் பச்சையாக ஒளிரும். எல்லா முடியும் ஒளிராது. ஆகவே இருட்டாகத் தெரிந்தாலும் பூஞ்சை வளர்ப்புச் சோதனை தேவைப்படலாம். பூனையை மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தைகளுக்கு இது எளிதில் ஒட்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. நெருக்கமான பல் சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, செரித்த ரத்தம். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் குளிப்பாட்ட வேண்டாம். அந்தப் பொடி தண்ணீரோடு போய்விடும்.