மோட்டார் சைக்கிளும் முதுகெலும்பும்



பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எங்கள் ஊரில் தோன்றிய திருக்கச்சிநம்பிகள் மலர்களைச் சுமந்துகொண்டு காஞ்சிக்கு நடந்தே சென்று தொண்டு செய்துவந்தார் என்று மரபு கூறுகின்றது. அவர் நடந்த திசையிலேயே 350 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிளில் செல்லும் நான், பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குபவனாக இருந்தேன். இதை எண்ணி வெட்கப்பட்டதுண்டு.

என் மாமியார் காஞ்சியில் இருக்கின்றார். வயது எண்பதைக் கடந்தவர். மாதம் இருமுறை நானும் என் மனைவியும் அவரைப் பார்த்துவருவது வழக்கம். ஒருநாள் சுங்குவார்சத்திரத்தில் வண்டியை நிறுத்தியபோது என் மனைவி இறங்கினாள், பிறகு ஏறவில்லை. "நீங்கள் வண்டியில் வாருங்கள், நான் பேருந்தில் வருகிறேன்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் என்னை மிகவும் வருத்தியது. அதன்பின் காஞ்சிப் பயணம் மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. வண்டியை விற்றுவிடுவதென்றே முடிவு செய்தேன்.

விற்பதற்கு முன் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று நான் செய்த மாறுதல்களை முதலில் சொல்லிவிடுகின்றேன். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குச் சென்று, கைவைத்தால் அமுங்கும்படியான தடித்த மெத்தையை இருக்கைக்குப் போடச் செய்தேன். பின் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர்களை மிகத் தளர்ந்த படியில் வைத்தேன். டயரில் காற்றைக் குறைத்தேன். நிமிர்ந்து உட்காரலாம் என்று கருதி, உயரமான ஹாண்டில்பாரையும் பொருத்தினேன். மென்மையே சுகம் என்பது என் எண்ணம். இவ்வளவும் செய்தபின் வலி குறைந்ததா? இரட்டிப்பாயிற்று.

வண்டியை விலை பேச வந்த முதிய மெக்கானிக் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்தார். இருக்கையின்மீது தம் முழங்காலை ஊன்றி அழுத்தினார். பிறகு, "ஐயா, நீங்கள் மெத்தையில் உட்காரவில்லை, அடியிலுள்ள தகட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டை தைக்கக் கொடுத்தால் அளவு எடுக்கிறார்கள். வண்டியை உங்களுக்கு அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். இன்று நான் சொல்லவிருப்பது எல்லாம் அந்த ஒரு கேள்வியின் விரிவேயாகும்.

சுகம் என்பது மென்மை அன்று, பொருத்தம். நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கட்டை வண்டியில் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்தவர்கள், நெடுவழிக்கு வில்வண்டியைப் பூட்டினர். வைக்கோல் அதிர்ச்சியைச் சிறிது மறைக்கும். வில்லோ அதனை வாங்கிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் வரலாறும் இதுவேதான். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. இருக்கையின் அடியில் மட்டும் வில்சுருள் இருந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தார் 1949ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டில், பின் சக்கரம் ஊசலாடும் கரம் ஒன்றில் அமைந்து, ஷாக் அப்சார்பர்களின் துணையோடு தனியே மேலும் கீழும் அசைந்தது. கட்டை வண்டி வில்வண்டியாயிற்று என்றே சொல்லலாம். 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அவர்களோடு கூடி இங்கே தொழில் தொடங்கினர்; திருவொற்றியூர்த் தொழிற்சாலை அவ்வாறு பிறந்தது. 2013ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் ஒரு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆகவே, நடுத்தர எடையுள்ள மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் பகுதிக்குச் சிறிது உரிமை உண்டு.

இனி ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் காண்போம். அந்நிறுவனத்தின் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2020இல் வந்த மீட்டியார், 2021இல் புதுப்பிக்கப்பட்ட கிளாசிக், 2022இல் வந்த ஹண்டர் ஆகிய மூன்றிலும் 349 கன சென்டிமீட்டர் கொண்ட ஒரே குடும்பத்து எஞ்சினே அமைந்துள்ளது. அவை அறிமுகமானபோது இருக்கையின் உயரம் மீட்டியாரில் 765 மில்லிமீட்டர், ஹண்டரில் 790, கிளாசிக்கில் 805. எஞ்சின் ஒன்றாயினும், உட்காரும் நிலை மூன்று. மீட்டியாரில் கால்கள் முன்னே நீளுகின்றன. ஹண்டரில் கால்கள் சற்றுப் பின்னே செல்ல, உடல் சிறிது முன்னே சாய்கின்றது. கிளாசிக்கில் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை.

இதனால் உடலுக்கு என்ன ஆகின்றது? இருக்கை, ஹாண்டில்பார், கால்தாங்கி ஆகிய மூன்று இடங்களில் நம் உடல் வண்டியைத் தொடுகின்றது. உடலின் எடையை இம்மூன்றும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கால் முன்னே நீண்டிருந்தால் முழங்காலுக்கு ஓய்வு; ஆனால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழ இயலாது. அடி முழுவதும் முதுகெலும்பின் அடியில் விழும். மிக முன்னே சாய்ந்தால் முதுகு தப்பும், மணிக்கட்டு வலிக்கும். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. காலின் நீளம், கையின் நீளம், செல்லும் தொலைவு, பின்னே அமர்பவர் உண்டா என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். கடை வாயிலிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த வண்டியும் பத்து நிமிடம் சுகமாகவே இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

சக்கரத்தின் அளவையும் பாருங்கள். மாட்டுவண்டிக்குச் சக்கரம் ஏன் பெரிது? சிறு பள்ளத்தில் அது விழாமல் உருண்டு கடந்துவிடும். கிளாசிக்கின் முன் சக்கரம் 19 அங்குலம், ஹண்டரில் 17. சிறிய சக்கரம் நெரிசலில் எளிதாகத் திரும்பும்; பெரியது மேடுபள்ளத்தை எளிதாகக் கடக்கும். ஒன்றைப் பெற மற்றொன்றைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும்.

வலிக்குக் காரணம் இருவகை என்பதையும் பிரித்தறிய வேண்டும். சாலையின் குலுக்கல் ஒன்று. எஞ்சினின் அதிர்வு மற்றொன்று. விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் நேரும் குலுக்கலே அமர்ந்திருப்பவரின் உடலை மிகுதியாகத் தாக்குகின்றது. எஞ்சினோ நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், விநாடிக்கு 50 சுற்று ஆகின்றது. இந்த நுண்ணிய அதிர்வு முதுகைவிட விரல்களையே மரத்துப்போகச் செய்யும். நான் சொன்ன மூன்று வண்டிகளிலும் இதனைத் தணிக்க எஞ்சினுக்குள்ளேயே எதிரெடைத் தண்டு ஒன்று சுழல்கின்றது. விரல் மரப்புக்கு மெத்தை மருந்தன்று; இடுப்பு வலிக்குக் கைப்பிடி உறை மருந்தன்று.

அந்த மெக்கானிக் வண்டியை வாங்கவில்லை. அதனை அளக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் டயரின் காற்றை, வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கு நிரப்பச் செய்தார். தனியே செல்லும்போது ஓர் அளவு. இருவர் செல்லும்போது வேறோர் அளவு. டயர் சூடேறுவதற்கு முன்பே, காலையில் இதனைப் பார்க்க வேண்டும். இதற்கே வண்டியின் தள்ளாட்டம் நின்றது.

அடுத்து ஷாக் அப்சார்பர். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டார். சக்கரத்தின் அச்சிலிருந்து இருக்கையின் ஓரம் வரை அளந்தார். பின்னர் ஸ்டாண்டை எடுத்து என்னை உட்காரச் சொல்லி மீண்டும் அளந்தார். இரண்டுக்குமுள்ள வேறுபாடே நம் எடையால் வில் அமுங்கும் அளவு. சக்கரத்தின் முழு அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது நலம். என் வண்டியின் சக்கரம் 90 மில்லிமீட்டர் அசையக்கூடியது. நான் உட்கார்ந்ததும் 40 மில்லிமீட்டர் அமுங்கியது. என் மனைவியும் அமர்ந்ததும் 66. எஞ்சியது 24 மில்லிமீட்டரே. சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் வில் தன் எல்லையில் போய் இடித்தது. அந்த இடி பின்னே இருந்தவளின் முதுகில் ஏறியது. சுகம் தரும் என்று நான் தளர்த்திய வில்லே அவளைப் பேருந்துக்கு அனுப்பியது!

ஷாக் அப்சார்பரில் உள்ள வளையத்தைக் கொக்கிச் சாவியால் திருப்பினால் ஆறு படிகள் உண்டு. மூன்றாம் படியில் எனக்கு மட்டும் 32 மில்லிமீட்டர் வந்தது. இருவருக்கும் ஆறாம் படியில் 46 வந்தது. அன்றுமுதல், அவள் ஏறுவதற்கு முன் வளையத்தைத் திருப்புவது என் கடமையாயிற்று. இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை.

பிறகு பழைய ஹாண்டில்பாரையே மாட்டி, முழங்கை சிறிது மடியும்படி சற்றுத் திருப்பிவைத்தோம். கிளட்ச், பிரேக் நெம்புகோல்களை, முன்கையும் விரலும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி தாழ்த்தினோம். உயரமான ஹாண்டில்பாரைக் கழற்றும்போதுதான் ஓர் ஆபத்தைக் கண்டேன்: ஆக்சிலேட்டர்க் கம்பி நீளம் போதாமல் இழுபட்டிருந்தது. ஹாண்டிலை முழுதும் திருப்பினால் எஞ்சின் தானே வேகம் எடுத்திருக்கும். சுகத்தைத் தேடியவன் உயிருக்கே வலை விரித்திருந்தேன்.

இறுதியில்தான் இருக்கை. அமுங்கும் மெத்தையை எடுத்துவிட்டு, சற்று இறுக்கமான மெத்தையை, தொடை தாங்கும்படி பின்புறம் அகலமாக அமைத்தோம். இருக்கை எலும்புகள் இரண்டும் தகட்டைத் தொடாமல், எடை பரவலாகத் தங்க வேண்டும், அதுவே இலக்கணம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓட்டி, குறிப்பேட்டில் எழுதுங்கள். அப்போதுதான் எது பயன் தந்தது என்பது விளங்கும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கின்றது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். சட்டத்தை அறுப்பதும், வேறு எஞ்சினைப் பொருத்துவதும் நம் வேலையல்ல. எவ்வளவு பொருத்தினாலும், மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கவேண்டிய உடல்தான் நம் உடல். வலி நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும், மெக்கானிக்கிடம் அன்று.

சென்ற தைமாதம் என் மனைவியை மீண்டும் அழைத்தேன். அவள் தயங்கியே ஏறினாள். சுங்குவார்சத்திரத்தில் வழக்கம்போல் நிறுத்தினேன். இறங்கி, தேநீர் அருந்தி, சிறிது தூரம் நடந்தோம். பேருந்து ஒன்று வந்து நின்றது. அவள் அதனை ஒருமுறை பார்த்தாள். பின்னர் என்னிடம் திரும்பி, "வெயில் ஏறுவதற்குள் அம்மாவைப் பார்க்கவேண்டும், வண்டியை எடுங்கள்" என்றாள்.

வண்டி இன்னும் என்னிடமே இருக்கின்றது.