உங்களுக்குத் தெரியுமா? டாட் காம் பெயர் வியாபாரம்

★ உலகின் முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச் 15-ம் தேதி. பெயர், சிம்பாலிக்ஸ்.காம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கம்ப்யூட்டர் தயாரித்துவந்த சிம்பாலிக்ஸ் நிறுவனம் பதிந்துகொண்டது. பிற்பாடு கம்பெனி நொடித்துப்போனது, பெயர் மட்டும் பிழைத்தது. 2009-ல் அதை விலை கொடுத்து வாங்கியவர் ஒரு டொமைன் (இணையப் பெயர்) முதலீட்டாளர்.

★ 1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயர் இலவசம்! கேட்டவருக்கு, கேட்ட பெயர். அதன் பிறகுதான் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. இன்றைய 'டொமைன் கோடீஸ்வரர்கள்' பலரின் சொத்துக்கு வேர், அந்த மலிவுக் காலத்தில் இருக்கிறது.

★ அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கே இதன் அருமை தெரியவில்லை. 1994-ல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர், 'வயர்ட்' இதழுக்காக எழுதும்போது மெக்டொனால்ட்ஸ்.காம் யாரிடமும் இல்லை என்று கவனித்தார். கம்பெனிக்கே போன் போட்டுச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே பதிந்துகொண்டார். கட்டுரை வெளிவந்ததும் பர்கர் கம்பெனி ஓடிவந்தது. குவிட்னர் தனக்கென்று காசு கேட்கவில்லை. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கு இன்டர்நெட் வசதி செய்துகொடுங்கள் என்றார். 3,500 டாலரில் விஷயம் முடிந்தது. பிறர் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டவர்களை அதன் பிறகு அதிகம் பார்க்க முடியவில்லை.

★ மலிவாக வாங்கிக் கோடிக்கு விற்ற கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான்: பிசினஸ்.காம் 1997-ல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, 1999-ல் 75 லட்சம் டாலருக்குப் போனது. 2010-ல் எஃப்பி.காம் என்ற இரண்டெழுத்துப் பெயருக்காக ஃபேஸ்புக், அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றுக்கு 85 லட்சம் டாலர் கொடுத்தது. 2019-ல் வாய்ஸ்.காம் விலை 3 கோடி டாலர். 2023-ல் சாட்.காமை ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய தர்மேஷ் ஷா என்பவர், பிறகு அதை ஓபன்ஏஐ-க்குக் கைமாற்றினார்.

★ சொல்லாத கணக்கு இது. டாட் காம் பெயர் சொந்தமல்ல, குத்தகை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் மொத்த வியாபார விலையே பெயருக்கு 10.26 டாலர் ஆனது. ஆயிரம் பெயர் வைத்திருப்பவர், ஒன்றுகூட விற்காவிட்டாலும் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டியாக வேண்டும். நூறு பெயரில் வருடத்துக்கு ஒன்றிரண்டு விற்றால் பரவாயில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது. மீதிப் பெயர்கள் பணத்தைத் தின்றபடி தூங்கும். 'வீட்டிலிருந்தே லட்சங்கள்' என்று யூடியூபில் வகுப்பு எடுப்பவர்கள், புதுப்பிக்கும் செலவைப் பற்றி வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள்.

★ டொமைன் உலகின் பிரபலமான திருட்டு ஒன்று, ஒரு கடிதத்தில் நடந்தது. மேட்ச்.காம் என்ற டேட்டிங் தளத்தைத் தொடங்கிய கேரி க்ரெமன், 1994-ல் செக்ஸ்.காம் என்ற பெயரைப் பதிந்துவைத்தார். பதிவு 'ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்' என்ற அவருடைய கம்பெனி பெயரில் இருந்தது. ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்த ஸ்டீபன் கோஹன், அந்தக் கம்பெனி எழுதியதைப்போல ஒரு கடிதம் தயாரித்தார். 'க்ரெமனை வேலையை விட்டு நீக்கிவிட்டோம், பெயரை கோஹனுக்குக் கொடுக்கிறோம். எங்களிடம் நேரடி இன்டர்நெட் இணைப்பு இல்லாததால், பதிவு அலுவலகத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள்' என்பது சாரம். ஆன்லைன் விளம்பரக் கம்பெனியிடம் இன்டர்நெட் இல்லையாம்! பதிவு நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், க்ரெமனுக்கு ஒரு போன்கூடப் போடாமல் பெயரை மாற்றிக்கொடுத்தது.

க்ரெமன் வருடக்கணக்காக வழக்கு நடத்தினார். 2001-ல் 6.5 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தபோது கோஹன் மெக்சிகோவுக்குத் தப்பியிருந்தார். 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் முக்கியம்: டொமைன் பெயர் ஒரு சொத்து, அதை அடுத்தவருக்கு எடுத்துக்கொடுத்த பதிவு நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டும். இன்று டொமைனை முதலீடு என்று சொல்ல முடிகிறது என்றால், அதற்குச் சட்ட பலம் கொடுத்தவற்றில் இந்த வழக்கும் ஒன்று.

★ முதலீடு எது, அபகரிப்பு எது? 1999-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு மூன்று கேள்விகளை வகுத்தது. பெயர் ஒருவரின் வணிகச் சின்னத்தைப்போலவே இருக்கிறதா? வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை ஏதும் இல்லையா? கெட்ட எண்ணத்துடன் பதிந்து பயன்படுத்துகிறாரா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பெயர் போய்விடும். மூன்றில் ஒன்று தவறினாலும் புகார் தள்ளுபடி. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கு இப்படி வரும் வழக்குகள் இப்போது ஆண்டுக்கு 6,000-த்தைத் தாண்டுகின்றன.

★ இந்த விதியில் வந்த முதல் தீர்ப்பு ஒரு மல்யுத்தம். வேர்ல்டு ரெஸ்லிங் ஃபெடரேஷன்.காம் என்ற பெயரை ஒருவர் 100 டாலருக்குப் பதிந்து, மூன்றே நாளில் அதே பெயருள்ள மல்யுத்த அமைப்பிடம் 1,000 டாலருக்கு விலை பேசினார். 2000 ஜனவரியில் பெயர் பறிபோனது.

★ அதே 2000-ல் பாடகி மடோனா தன் பெயரிலுள்ள டாட் காமை வழக்காடி வென்றார். பாடகர் ஸ்டிங் தோற்றார். 'ஸ்டிங்' என்பது அகராதியில் உள்ள சாதாரண ஆங்கிலச் சொல், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது நடுவர் தீர்ப்பு. பொதுச் சொற்களில் மட்டும் முதலீடு செய் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரித் தீர்ப்புகள்தான்.

★ சொந்தப் பெயரே வினையான கதையும் உண்டு. இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கடை நடத்திய உஸி நிசான், 1994-ல் நிசான்.காம் பதிந்தார். குடும்பப் பெயர்! அமெரிக்காவில் அதே பெயருள்ள கார் கம்பெனி 'டாட்சன்' என்ற பெயரில் வண்டி விற்ற காலத்திலேயே, 1980-ல், 'நிசான்' பெயரில் தொழில் தொடங்கியவர் அவர். 1999 டிசம்பரில் கார் கம்பெனி ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டது. வழக்கு எட்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. கார் சம்பந்தப்பட்ட விளம்பரம் போடக்கூடாது என்று தடை வந்தாலும் பெயர் அவரிடமே நின்றது. செலவு சுமார் 30 லட்சம் டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜெயித்தவர் ஏழையானார் என்பதுதான் சரி. 2020-ல் கொரோனாவில் இறந்துபோனார்.

★ பெரிய கம்பெனி பொய்க் காரணம் சொல்லிச் சின்னவரின் பெயரைப் பிடுங்கப் பார்த்தால்? அதற்கும் ஐகேன் விதியில் இடம் உண்டு. 'இது தலைகீழ் அபகரிப்பு' என்று நடுவர் தீர்ப்பில் எழுதலாம். எழுதலாம், அவ்வளவுதான். ஒரு டாலர் அபராதம் கிடையாது. அபகரிக்கும் தனி ஆளுக்கு 1999-ன் அமெரிக்கச் சட்டப்படி பெயர் ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரை தண்டம், மிரட்டும் கம்பெனிக்கு ஐகேன் விதியில் வெறும் திட்டு. இந்தத் தராசு நேராக இல்லை.

★ இந்தியாவில் டொமைன் அபகரிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. வழி காட்டியது சென்னைக் கம்பெனி ஒன்றின் வழக்கு. 'சிஃபி' என்ற பெயரில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே, 'சிஃபிநெட்' என்று பெயர் பதிந்த வேறொரு நிறுவனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-ல் தீர்ப்பு: டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தின் குணம் உண்டு, அடுத்தவர் பெயரில் வியாபாரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும். டாட் இன் பெயர்களில் தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடம் முறையிடும் வசதி 2005 முதல் இருக்கிறது. 2011-ல் அரசியல் தலைவர் அருண் ஜெட்லி தன் பெயரிலுள்ள டாட் காமுக்காக டெல்லி உயர் நீதிமன்றம் போனார்; பிரபலமான தனிமனிதரின் பெயருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று ஆனது.

★ ஜியோஹாட்ஸ்டார்.காம் நினைவிருக்கிறதா? ஐபிஎல் ஒளிபரப்பு ஹாட்ஸ்டாரின் கையை விட்டுப்போனதைப் பார்த்த டெல்லி ஆப் டெவலப்பர் ஒருவர், இது எப்படியும் யாருடனாவது இணையும் என்று கணக்குப் போட்டார். சாவன் கம்பெனியை ஜியோ வாங்கி 'ஜியோசாவன்' ஆக்கியது அவர் நினைவில் இருந்தது. 2023-ல் ஜியோஹாட்ஸ்டார்.காம் பெயரைப் பதிந்தார். கணிப்பு அப்படியே பலித்தது! 2024 அக்டோபரில் அந்தத் தளத்திலேயே, ஜியோவை நடத்தும் ரிலையன்ஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார்: கேம்பிரிட்ஜில் படிக்கக் கட்டணம் கொடுங்கள், பெயரைத் தருகிறேன். சுமார் ஒரு கோடி ரூபாய். ரிலையன்ஸ் மசியவில்லை. பிறகு துபாயில் வசிக்கும் இரண்டு சிறுவர்கள் அவரிடமிருந்து பெயரை வாங்கி, ரிலையன்ஸுக்கு இலவசமாகவே தருவதாக அறிவித்தார்கள்.

படிக்க ஆசைப்பட்ட இளைஞர், அம்பானி கம்பெனி என்றதும் நம் மனசு தானாக ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். 'ஜியோ', 'ஹாட்ஸ்டார்' இரண்டும் அவர் பதியும்போதே அடுத்தவர்களின் சின்னங்கள். அவருக்கு அதில் வேறு வேலை இல்லை. நல்ல மூளை, கணிப்பும் சரி. முதலீடு என்று மட்டும் சொல்ல முடியாது.

★ காசு கொடுக்காமலே பெயரை ருசி பார்த்த கூட்டம் ஒன்று இருந்தது. பதிந்த ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, லட்சக்கணக்கில் பதிவார்கள். அதில் விளம்பரம் ஓட்டுவார்கள். காசு வரும் பெயரை வைத்துக்கொண்டு மீதியை ஐந்தாம் நாள் திருப்பிவிடுவார்கள். அளவுக்கு மீறித் திருப்பினால் கட்டணம் என்று ஐகேன் சொன்னது. ஒரு வருடத்துக்குள், 2009-ல், இந்தப் பழக்கம் 99.7 சதவிகிதம் குறைந்துபோனது. அறிவுரை செய்யாததைக் கட்டணம் செய்தது.

★ எழுத்துப்பிழையும் வியாபாரம்தான். டிஸ்னிலேண்ட் போன்ற குழந்தைகள் தளங்களின் பெயரைத் தப்பாக டைப் அடித்தால் ஆபாசத் தளத்துக்குப் போகும்படி செய்துவைத்திருந்த ஜான் ஸுக்கரினி என்பவருக்கு 2004-ல் அமெரிக்க நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது.

★ செயற்கை நுண்ணறிவு அலையில் லாபம் பார்த்த அரசுகளில் கரீபியன் தீவான அங்குவிலாவும் ஒன்று. அதன் இணையக் குறியீடு டாட் ஏஐ. 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர். அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். டாட் டிவி குறியீட்டை வைத்திருக்கும் துவாலு, அந்தப் பணத்தின் உதவியால்தான் 2000-ல் ஐ.நா. உறுப்பினர் ஆனது. இவை நல்ல கதைகள். டாட் ஐஓ கதை அப்படியல்ல. அது இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளுக்கான குறியீடு. அங்கே குடியிருந்த மக்களை 1968-லிருந்து 1973-க்குள் பிரிட்டன் வெளியேற்றிவிட்டது. உலகமெங்கும் ஸ்டார்ட்அப் கம்பெனிகள் ஆசையாக வாங்கும் அந்தப் பெயர்களின் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

★ டாட் டிஎன் தமிழ்நாடு இல்லை, துனிசியா.

★ டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றையும் முழுக்கத் தமிழ் எழுத்திலேயே பதியலாம். மூன்றும் 2010, 2011-ல் இணையத்தின் மூலப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை.

★ பெயரைப் புதுப்பிக்க மறந்தால் மைக்ரோசாஃப்டுக்கும் திண்டாட்டம்தான். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹாட்மெயில் நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்க அவர்கள் மறந்துபோக, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. டென்னசியிலிருந்த ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். நன்றியாக வந்தது 500 டாலர் செக்.

★ 2018 செப்டம்பரில் நம்மூர் ஸோஹோவின் தளம் திடீரென்று முடங்கியது. அவர்களின் மெயில் வசதியைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துவதாக வந்த புகாரின் பேரில், பதிவு நிறுவனம் ஸோஹோ.காம் பெயரையே நிறுத்திவைத்துவிட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே பெயரின் சாவி இன்னொருவர் கையில்தான் இருந்தது.

★ உங்களுக்கு ஒரு கடையோ பள்ளியோ டிரஸ்ட்டோ இருந்து, அதற்கு வெப்சைட்டும் இருந்தால், டொமைன் யார் பெயரில், எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் தளம் செய்துகொடுத்தவரின் பெயரில்தான் இருக்கும். அவரோடு மனஸ்தாபம் வந்தால் சிக்கல். உடனே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். டாட் காம் காலாவதியானாலும் பொதுவாக உடனே போய்விடாது. முதலில் பதிவு நிறுவனம் தரும் சில வார அவகாசம், பிறகு அபராதத்துடன் மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள். அந்த 5 நாளில் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அது முடிகிற நொடியில் பெயரைப் பிடிக்க சாஃப்ட்வேர்கள் வரிசையில் நிற்கும், அது யாருடைய வணிகச் சின்னமாகவும் இல்லாதவரை அப்படிப் பிடிப்பதில் சட்டப்படி தவறும் இல்லை.