பச்சையில் பறிப்பதா, பழுக்க விடுவதா?

மாடியில் ஒரு பாத்தி – 14

தொட்டியில் காய் தொங்கத் தொடங்கியதும் கை பரபரக்கும். காயைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். மிளகாய்ச் செடியின் கணு சட்டென்று முறியும். ஒரு காய்க்காகப் பூவும் பிஞ்சுமாக ஒரு கிளையே போய்விடும். கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். காம்புள்ள காய் சீக்கிரம் வாடாது.

நாற்று நட்ட 75ஆம் நாள் வாக்கில் பச்சை மிளகாய் பறிப்புக்கு வரும். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் பழம். எதைப் பறிப்பது என்பதைச் செடியின் நோக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது விதை. பச்சையிலேயே பறித்தால், விதை முற்றவில்லையே என்று மீண்டும் மீண்டும் பூக்கும். பழுக்க விட்டால் இருக்கும் காய்களை முற்றவைப்பதில் சத்து போகும், புதுப் பூ குறையும்.

ஆகவே ரகத்தைப் பார்த்துப் பறியுங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘அர்கா ஹரிதா’ போன்ற ரகங்களைப் பச்சையிலேயே வாராவாரம் பறிக்கலாம். நம் ஊர் மளிகைக் கடைகளில் சுருக்கம் விழுந்து கிடக்கும் பேடகி மிளகாயோ பழுத்தால்தான் பேடகி. ஹாவேரி மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கி, 2011இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. காரம் குறைவு, நிறம் ஆழம். பிசிபேளாபாத்தின் சிவப்புக்கு அதுவே காரணம். அந்த நிறம் பழத்தில்தான் ஊறும். பச்சையில் பறித்தால் அதன் சிறப்பையே இழக்கிறோம்.

பழுத்தபின் உலர்த்த வேண்டும். இங்குதான் பெங்களூரு சோதிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் மூட்டமும். அந்த ஈரத்தில் காயப்போட்ட பழம் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: வெயில் தெளிந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பழம் வேண்டுமானால், அக்டோபர் தொடக்கத்தில் நாற்று நடப்பட்டிருக்க வேண்டும். விதை தூவுவது ஆகஸ்ட் கடைசியில். பறிப்பு என்பது விதை போடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

பறித்த பழத்தை முதல் இரண்டு நாள் நிழலில் பரப்பி, பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், அதுவே பதம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். செடிகளில் நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஒன்றைத் தேர்ந்து, அதன் நல்ல காய் ஒன்றின் காம்பில் நூல் கட்டிவையுங்கள். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. நாம் எத்தனை முறை பறித்தாலும் சளைக்காமல் பூத்த செடி அது. அது கேட்ட விதையை ஒரு காயிலாவது முற்றவிடுவது நம் கடன்.

நூல் கட்டிய காயிலிருந்து விதை எடுக்கும் முறையும், பக்கத்துத் தொட்டி ரகத்தோடு தேனீ கலந்துவிடாமல் காப்பதும் அடுத்த வாரம்.

(தொடரும்)